பாலைவனத்தில் ஒரு பஞ்சர் கடை

வணக்கம் அண்ணா,

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். என் நண்பர்கள் நாலு பேர் இந்த ஆகஸ்டில் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் கலைவிழாவுக்குப் போகிறார்கள். என்னையும் விடாமல் கூப்பிடுகிறார்கள். நீங்கள் 2023-ல் போய்வந்ததாக எங்கோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்குப் பாட வராது, ஆட வராது, படம் வரைய வராது. கணக்கு பார்ப்பவன். பல நூறு டாலர் கொடுத்து ஒரு வாரம் புழுதியில் கிடந்து நான் என்ன செய்வேன்? அது பணக்காரர்கள் கூத்தடிக்கும் இடம் என்றும் சொல்கிறார்களே?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

போய் வாருங்கள். ஏன் என்று என் நண்பன் ஒருவனை வைத்துச் சொல்கிறேன்.

நாங்கள் ஆறு பேர் போனோம். நெவாடாவில் ரீனோவைத் தாண்டி, கெர்லாக் என்ற சின்ன ஊரையும் தாண்டினால் பிளாக் ராக் பாலைவனம். மணல்மேடெல்லாம் கிடையாது. பெரிய ஏரி வற்றிப்போன தரை, கோலமாவு போல வெளுத்த உவர்ப்புழுதி. அங்கே வருடத்தில் ஒரு வாரம் எழுபதாயிரம் பேருக்கு ஒரு ஊர் எழும்புகிறது. கடிகார முகம் மாதிரி அமைத்த ஊர், நடுவிலிருந்து விரியும் தெருக்களுக்குக் கடிகார மணியை வைத்துத்தான் பெயர். நடுவில் மரத்தால் செய்த மனிதன் நிற்கிறான், விழாவின் கடைசியில் அவனை எரிப்பார்கள். 1986-ல் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்ஸும் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் எட்டடி மரப் பொம்மை ஒன்றைக் கொளுத்தினார்கள். அதுதான் ஆரம்பம். 1990-ல் விழா பாலைவனத்துக்கு வந்தது.

உள்ளே ஐஸ் மாதிரி ஒன்றிரண்டு தவிர எதையும் விலைக்கு வாங்க முடியாது. பண்டமாற்றும் இல்லை. கொடுப்பவர் கொடுக்கிறார், வாங்குபவர் வாங்கிக்கொள்கிறார். மொய் நோட்டு கிடையாது.

என் நண்பனும் உங்களைப் போலத்தான் தயங்கினான். சாஃப்ட்வேர்காரன், கலைக்கும் தனக்கும் தூரம் என்பான். ஆனால் அவன் அப்பா திண்டிவனம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் கடையில்தான் இருப்பான். பாலைவனத்து ஊரில் எல்லோருக்கும் சைக்கிள்தான் வாகனம், புழுதியில் செயின் இறுகும், டியூப் போகும். அவன் ஒரு ஸ்டூல், பம்ப், உப்புத்தாள், சொல்யூஷன், ஒரு பிளாஸ்டிக் பேசினோடு எங்கள் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்துவிட்டான். காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கட்டை விரலால் பிடித்துக்கொள்வான். உப்புத்தாளால் தேய்ப்பான், சொல்யூஷன் தடவுவான், அது காயும்வரை வந்தவரோடு பேசிக்கொண்டிருப்பான். இருபது வருடமாகத் தொடாத வேலை, கை மறக்கவில்லை.

அங்கே அழுக்குத் தண்ணீரைத் தரையில் ஊற்றக்கூடாது. அதனால் வாரம் முழுக்க அதே பேசின் தண்ணீர்தான், கடைசியில் அதையும் கேனில் அடைத்து ஊருக்கே கொண்டுவந்தோம். ஸ்டூலுக்குக் கீழே பழைய போர்வை விரித்திருந்தான், தேய்த்த ரப்பர் தூள் மண்ணில் விழக்கூடாதே என்று. விழா முடிந்தபின் தொண்டர்கள் வரிசைகட்டி நடந்து, சிதறிய ஜிகினாவைக்கூடப் பொறுக்குகிறார்கள். எனக்கு அங்கிருந்த எந்தச் சிற்பத்தையும் விட இது பெரிதாகப் பட்டது.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. அந்தத் தரை நனைந்தால் களி. ஒரு அடி வைத்தால் செருப்போடு ஒரு கிலோ மண் எழும். வாசலை மூடினார்கள், வண்டி எடுக்கக்கூடாது, இருக்கும் சோற்றையும் தண்ணீரையும் பார்த்துச் செலவழியுங்கள் என்றார்கள். எங்களுக்குள் சண்டை வந்தது. இரண்டு பேர் நடந்தே வெளியேறலாம் என்றார்கள். பக்கத்துக் கூடாரத்து அம்மாள் ஒரு சட்டி சூப்போடு, காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் யாரும் கிளம்பவில்லை. திங்கட்கிழமை தரை காய்ந்தது. களி அப்பி நின்றுபோன சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், அவன் கரண்டிக்காம்பால் சுரண்டிச் சுரண்டிச் சக்கரங்களைச் சுற்ற வைத்தான்.

பணக்காரர் விஷயம் உண்மைதான். காசு கொடுத்து ஆள்வைத்துக் கூடாரம் போட்டு, சமையல்காரரோடு வந்து இறங்குபவர்கள் உண்டு. எனக்கும் அது உறுத்தல்தான். நாங்கள் போன 2023-ல் டிக்கெட்டே 575 டாலர் ஆயிற்றே, ஏழைக்கு எட்டாத இடம்தான். அதற்காக நீங்கள் போகாமல் இருக்க வேண்டாம்.

அங்கே ஒரு கோயில் கட்டுகிறார்கள். சாமி இல்லாத மரக்கோயில். 2000-ல் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பியின் குழுவில் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோக, அவர்கள் கட்டிய மரக்கட்டடம் அவர் நினைவிடமானது. அன்றிலிருந்து செத்துப்போனவர்களின் பெயரை அதன் சுவரில் எழுதுவது வழக்கம். நண்பன் தன் அப்பா பெயரைத் தமிழில் எழுதி, கீழே கடையின் பெயரையும் எழுதினான். மழையால் தள்ளிப்போய், செவ்வாய் இரவுதான் கோயிலை எரித்தார்கள். மர மனிதன் எரியும்போது ஆட்டமும் கூச்சலுமாக இருந்தது. இங்கே அத்தனை ஆயிரம் பேரும் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மடியில் பம்ப் இருந்தது. ஏன் எடுத்துவந்தாய் என்று நான் கேட்கவில்லை.

கணக்கு பார்க்கத் தெரியும் என்கிறீர்களே, உங்களையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஒரு வாரத் தண்ணீர் எவ்வளவு என்று முதலில் அதைப் போடுங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டராவது வேண்டும். வினிகர் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புழுதி சோடா உப்பு போலக் காரத்தன்மை உள்ளது, பாதம் வெடிக்கும். ராத்திரி படுக்குமுன் தண்ணீரில் கொஞ்சம் கலந்து காலைக் கழுவுங்கள்.

அன்புடன்.