ராஜினாமாவுக்கு முன் நியமனக் கடிதத்தைப் படியுங்கள்

கேள்வி: ஒரு தொழிற்சாலையில் 12 வருடங்களாக மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 37. மோட்டார் ஷாஃப்டையும் பம்பு ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவரும் அலைன்மென்ட் வேலையில் எங்களுக்கு அரை ஷிஃப்ட் போய்விடும். அதைச் சீக்கிரம் முடிக்க ஒரு சிறு கருவியை வீட்டிலேயே வடிவமைத்தேன், இரண்டு பாகங்களை மட்டும் கம்பெனி லேத்தில் கடைந்துகொண்டேன். உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். மேலாளர் பார்த்துவிட்டு "நமக்கு இது எதுக்கு" என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்ய ஆசை. சேமிப்பு பத்து மாதம் தாங்கும். நண்பர் ஒருவர் பணம் போடத் தயார், ஆனால் நான் உடனே வேலையை விட்டால்தான் போடுவாராம். அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் கருவியை வைக்க இடமும் கிடைத்திருக்கிறது. கணவர் "கொஞ்சம் பொறு" என்கிறார். ராஜினாமா கடிதம் எழுதி வைத்துவிட்டேன். கொடுக்கட்டுமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். உங்கள் கருவி மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. தினமும் அந்த வேலையைச் செய்து, அதில் வீணாகும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஒருவர் கண்டுபிடித்தது என்பதாலேயே எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்த இரண்டு விஷயங்கள் என்னைக் கவலைப்பட வைத்தன: கம்பெனி லேத், அடுத்த மாதக் கண்காட்சி.

முதலில் லேத். இந்தக் கருவி யாருடையது என்ற கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை, நீங்கள் செய்ததால் உங்களுடையது என்றே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். சட்டம் எல்லா இடத்திலும் அப்படிப் பார்ப்பதில்லை. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தையும் அதோடு இருந்த ஒப்பந்தத்தையும் தேடி எடுத்து, கண்டுபிடிப்பு, அறிவுசார் சொத்து, ரகசியம், வெளிவேலை என்ற சொற்கள் வரும் பத்தி ஒவ்வொன்றையும் நிதானமாகப் படியுங்கள். வேலைக்காலத்தில் செய்த கண்டுபிடிப்பு முழுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும், சிலவற்றில் வேலையை விட்ட பிறகும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று அது நீளும். அதனால் ராஜினாமா செய்த மறுநாளே காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் 1957-லிருந்து இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, பணி சார்ந்த கண்டுபிடிப்பை ஊழியர் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும், நிறுவனம் அதை எடுத்துக்கொண்டால் நியாயமான ஈட்டுத்தொகை தர வேண்டும். கலிபோர்னியாவில் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவி எதையும் தொடாமல், அதன் தொழிலோடு சம்பந்தமில்லாமல் செய்ததற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் தொட்டிருக்கிறீர்கள், உங்கள் வேலையோடும் அது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இதனால் உரிமை போய்விட்டது என்று அர்த்தமில்லை. பின்னாளில் கருவி நன்றாக விற்க ஆரம்பித்ததும் யாராவது கிளப்பக்கூடிய சண்டை இது, அதை இன்றைக்கே முடித்துக்கொள்வது மலிவு.

மேலாளரின் "நமக்கு இது எதுக்கு" உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும், ஆனால் அதே பதில் எழுத்தில் கிடைத்தால் அது உங்களுக்குப் பெரிய சொத்து. ஸ்டீவ் வோஸ்னியாக் ஹியூலட் பேக்கர்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆப்பிள் 1 கணினியை வடிவமைத்தார், அதை முதலில் தன் நிறுவனத்துக்குத்தான் காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றார்கள், அதன் பிறகுதான் அவர் வழி தெளிவானது. நீங்களும் நிறுவனத்துக்கு இதில் உரிமை கோரும் எண்ணம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கப் பாருங்கள். அதற்கு முன் ஒரு காப்புரிமை வழக்கறிஞரைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள், லேத்தில் கடைந்ததை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள், எந்த வார்த்தைகளில் கேட்பது, யாரிடம் கேட்பது என்று அவர் சொல்வார். இனிமேல் ஒரு போல்ட் கூட கம்பெனி இயந்திரத்தில் செய்யாதீர்கள்.

அடுத்து கண்காட்சி. விண்ணப்பம் போடாமல் கருவியை அங்கே கொண்டுபோய் வைத்தால், காப்புரிமைக்குத் தேவையான முதல் நிபந்தனையான புதுமையையே நீங்கள் உங்கள் கையால் அழித்துவிடலாம். அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாடுகளில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஒரு வருட அவகாசம் தருகிறார்கள், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் மிகக் குறுகிய விதிவிலக்குகள் தவிர அந்தச் சலுகை கிடையாது. பொதுவில் போட்ட புகைப்படம், வீடியோ, விற்பனை எல்லாமே வெளியீடுதான். உடன் வேலை செய்பவர்கள் யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களா என்று இன்றைக்கே விசாரித்துவிடுங்கள், அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில், யாருக்கு என்று குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் செலவு செய்ய வேண்டியதில்லை. தொழில்சார் சொத்துரிமை பற்றிய பாரிஸ் உடன்படிக்கைப்படி ஒரு நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியே கணக்கில் வரும், சில நாடுகளில் முதலில் தற்காலிக விண்ணப்பம் மட்டும் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். போடுவதற்கு முன் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டிலும் தேடிப் பாருங்கள், இலவசம்தான், இதே மாதிரி ஏற்கனவே இருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: காப்புரிமை கிடைத்துவிட்டால் வியாபாரம் தானாக வராது. மற்றவர்கள் உங்கள் வடிவத்தைச் செய்யாமல் தடுக்கும் உரிமை அது, யாராவது மீறினால் வழக்குப் போட்டு நிறுத்த வேண்டியதும் நீங்கள்தான்.

சரி, இப்போது வியாபாரம். பிரமாதம் என்று சொன்னவர்களில் யாரும் பணம் கொடுக்கவில்லை, கொடுக்கும் இடத்திலும் அவர்கள் இல்லை. தொழிற்சாலைகளில் கருவியைப் பிடித்து வேலை செய்பவர் ஒருவர், வாங்கலாம் என்று கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். கையெழுத்துப் போடுபவருக்கு அரை ஷிஃப்ட் மிச்சம் என்பது என்ன மதிப்பு? பம்பு நின்றால் உற்பத்தியே நிற்கும் இடத்தில் அது மிகப் பெரிய தொகை, மாற்றுப் பம்பு தயாராக நிற்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை, உங்கள் மேலாளர் வேண்டாம் என்றதற்குக் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம், போய்க் கேட்டுப் பாருங்கள். நேர்விளிம்புக் கோல் வைத்துப் பார்ப்பவர்கள், டயல் கேஜ் என்ற அளவுமானி வைப்பவர்கள், லேசர் கருவி வாங்கிவிட்டவர்கள் என்று மூன்று விதமான ஆட்கள் இந்த வேலையை ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறார்கள், இவர்களில் யாரை நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் விலையே வைக்க முடியாது. அதனால் விண்ணப்பம் போட்டதும் உங்களை முன்பின் தெரியாத, வேறு நிறுவனங்களின் மெயின்டனன்ஸ் தலைவர்களிடம் போங்கள். நன்றாக இருக்கிறது என்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாமல் முன்பணம் கேளுங்கள். அங்கேதான் உண்மை தெரியும்.

இதையெல்லாம் சம்பளத்தில் இருந்துகொண்டே செய்யலாம், வெளிவேலை பற்றி ஒப்பந்தத்தில் உள்ளதை மட்டும் மீறாமல். அமெரிக்காவில் ஜோசஃப் ரஃபி, ஜீ ஃபெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வேலையை வைத்துக்கொண்டே தொழிலைத் தொடங்கி அப்புறம் முழுநேரமாக மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்தவுடன் வேலையை விட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார்கள். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே சோதனை செய்தவர் அவர், முதல் பிரதி வந்தது 1938-ல், வருடக்கணக்கில் பல நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின, ஜெராக்ஸ் 914 இயந்திரம் வந்ததோ 1959-ல். அத்தனை மறுப்புகளையும் அவர் தாங்க முடிந்ததில் மாதச் சம்பளத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

பத்து மாதச் சேமிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீட்டுச் செலவுக்கா, தொழிலுக்கும் சேர்த்தா? உற்பத்திக்கான அச்சு (மோல்டு) செய்யும் செலவு, உடைந்து திரும்பி வரும் கருவிகள், விண்ணப்பக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் என்றால் அது பத்து மாதமே இல்லை. நிறுவனங்களுக்கு விற்றால் பில் கொடுத்து இரண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் வருவதும் சாதாரணம். வீட்டுப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். ஜேம்ஸ் டைசன் பையில்லாத வாக்குவம் கிளீனருக்காக 5,127 மாதிரிகள் செய்த வருடங்களில் குடும்பம் பெரும்பாலும் ஓவிய ஆசிரியையான அவர் மனைவியின் சம்பளத்தில்தான் நடந்தது. உங்கள் கணவர் தடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாமல், எவ்வளவு பணம் வரை, எந்தத் தேதி வரை என்று இருவரும் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். அவருக்கும் அந்தப் பயத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

நண்பரின் நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் வேலையை விடுவதால் கருவியின் தரம் ஒரு துளியும் கூடாது, அவரை நம்பி நிற்கும் நிலைமைக்கு நீங்கள் போய்விடுவீர்கள், அவ்வளவுதான். அவர் பணம் கடனா, பங்கா, பங்கென்றால் எத்தனை சதவீதம், காப்புரிமை யார் பெயரில் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். டைசன் அதற்கு முன் கண்டுபிடித்த பால்பேரோ என்ற தள்ளுவண்டியின் உரிமையைத் தன் பெயரில் வைக்காமல் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார், 1979-ல் அந்த நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது கண்டுபிடிப்பும் கைவிட்டுப் போனது.

உரிமை பற்றிய கடிதம் கையில், விண்ணப்பம் பதிவாகி, முன்பின் தெரியாத சில நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கி, அதில் ஒன்றிரண்டு பேர் மறுபடி ஆர்டர் போட்டு, மாலையும் ஞாயிறும் போதாமல் ஆர்டர் தேங்க ஆரம்பித்தால் அன்றைக்குத் தயங்காமல் ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பாருங்கள், நிறுவனத்தின் வரைபடம், பட்டியல், கோப்பு எதையும் எடுத்து வராதீர்கள். கண்காட்சி அமைப்பாளருக்கு இந்த வாரமே ஒரு மெயில் போட்டு, இடத்தை அடுத்த முறைக்கு மாற்ற முடியுமா, எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம் என்று கேட்டு வையுங்கள். அந்தத் தேதிக்குள் உரிமை விஷயம் தெளிவாகி விண்ணப்பமும் பதிவாகவில்லை என்றால் இந்த முறை போக வேண்டாம்.