புல்லட் ஸ்டேட்டரில் ஒயர் நொறுங்கினால் ஸ்டேட்டரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னுடையது பிளாட்டினம் பாயின்ட் உள்ள 6 வோல்ட் பழைய புல்லட் 350. ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்களும் தொட்டாலே நொறுங்குகின்றன. எண்ணெய் ஊறி நிறமும் தெரியவில்லை. சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது. புது ஸ்டேட்டர் போடச் சொல்கிறார்கள். ஒயரை மட்டும் மாற்ற முடியாதா? கையோடு 12 வோல்ட் ஆக்கிவிடலாமா?

பதில்: இரண்டும் முடியும். ஒயர் நொறுங்குவதால் உள்ளே இருக்கும் காயில் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சார்ஜ் மின்சாரம் உண்டாக்கும் காயில் வளையமான ஸ்டேட்டர், இந்த வண்டியில் செயின் கேஸுக்குள், எண்ணெயிலேயே கிடக்கிறது. பிவிசி உறையை வளைய வைக்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருளைச் சூடான எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். உறை விறைத்து, அதிர்வில் வெடித்து, செம்பு பாடியைத் தொடும். காயில் கம்பியின் எனாமலுக்கு இந்த எண்ணெயால் பெரிய கேடில்லை.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் விலக்கி, அடியில் தட்டு வைத்துவிட்டு, கேஸ் மூடியின் நடு நட்டைத் திறந்தால் எண்ணெய் கொட்டிவிடும். ஸ்டேட்டரை மூன்று நட்டுகள் பிடித்திருக்கும். கழற்றும் முன், ஒயர் எந்த முகத்தில் வெளியேறுகிறது, வாஷர்களும் ஸ்பேசர்களும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டருக்குள் சுழலும் காந்தமான ரோட்டரை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனம்) வகை ரோட்டர்களில் நடு இரும்புப் புஷ் அலுமினிய வார்ப்பிலிருந்து விட்டுப்போவது உண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டு பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ் பேரிங்) போய்விட்டது என்று எஞ்ஜினையே பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டேட்டரை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பெயின்ட் தின்னர் வேண்டாம், வார்னிஷைக் கரைக்கும். இப்போது மீட்டரை எடுங்கள். மூன்று ஒயர்களில் எதற்கும் இரும்பு வளையத்துக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. நொறுங்கிய ஒயர்களைத் தள்ளிப் பிடித்த பிறகும் தொடர்பு காட்டினால் வைண்டிங்கே பாடி ஷார்ட். அது ரீவைண்டிங் கடை வேலை. ஒயர்களுக்குள் தொடர்பு இருக்க வேண்டும். எந்த ஜோடியாவது முழுக்க ஓப்பன் காட்டினால், ஒன்று அறுந்திருக்கிறது, இல்லையேல் அது வேறு வகை ஸ்டேட்டர். பிற்கால 12 வோல்ட் புல்லட்களில் வரும் நான்கு ஒயர் ஸ்டேட்டருக்கு, ஒயர் மாற்றும் முறையைத் தவிர, கீழே சொல்லும் இணைப்பு பொருந்தாது.

நிறம் அழிந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். ஆறு காயில்களும் இரண்டு தொகுதிகளாகப் பிரிந்து, இரண்டின் ஒரு முனையும் ஒரே ஒயரில் சேர்கின்றன. அதுதான் பொது ஒயர். லூகாஸ் நிற வழக்கில் பச்சை-வெள்ளை. மற்ற இரண்டு, பச்சை-கறுப்பும் பச்சை-மஞ்சளும், ஆளுக்கொரு தொகுதியின் மறுமுனை. எனவே அந்த இரண்டுக்கும் நடுவே அளந்தால் இரு தொகுதிகளின் மின்தடையும் கூடி வரும். மிக அதிகத் தடை காட்டும் ஜோடியை விலக்கினால் மிஞ்சுவது பொது ஒயர்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தடைகள் ஒரு ஓமுக்கும் கீழே. சாதாரண மீட்டரின் ஓம் அளவில் நம்ப முடியாது. 12 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக வைத்து, ஜோடி ஜோடியாக மின்சாரம் விடுங்கள். ஏறக்குறைய 1.7 ஆம்பியர் ஓடும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து காயில் முனைகளிலேயே அளங்கள். மூன்று எண்கள் கிடைக்கும். பெரியது மற்ற இரண்டின் கூட்டலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் எல்லாம் சரி. கணக்கு இடித்தால் ஏதோ ஒரு ஈயப்பற்று விட்டிருக்கிறது. புது ஒயர் போட்ட பிறகும் இதையே ஒருமுறை செய்யுங்கள்.

ஒயரைப் பொறுத்தவரை மீண்டும் பிவிசி போட்டால் மீண்டும் இதே கதைதான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் டெஃப்லான் உறை ஒயர் என்று கேளுங்கள். சென்னைவாசி என்றால் ரிச்சி தெருவில் தேடலாம். பல இழை, 1.5 சதுர மி.மீ., மூன்று துண்டு, பழைய நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக. சிலிக்கான் உறை சூட்டைத் தாங்கும், ஆனால் எண்ணெயில் ஊதி, உரசலில் கிழியும். வெளியே ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் ஒன்று.

பழைய துணி நாடா சுற்றிய ஸ்டேட்டர் என்றால் இணைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் நாடாவை அறுத்துத் திறங்கள். எபாக்சி ஊற்றியதாக இருந்தால் ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, ஒயர் நுழையும் இடத்தைச் சுற்றிச் சிறு கத்தியால் சுரண்டுங்கள். பொறுமை இங்கேதான் வேண்டும். கத்தி எனாமல் கம்பியில் பட்டால் வேலை பத்து மடங்காகும். பழைய ஒயரின் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பழைய முனையையும் புதியதையும் பக்கவாட்டில் வைத்து, மெல்லிய செம்பு இழையால் கட்டி, பிறகு ரோசின் உள்ள 60/40 ஈயத்தால் பற்றவையுங்கள். காயிலின் செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் 25 வாட் அயர்ன் போதாது, 60 வாட்டாவது தேவை. ஆசிட் பேஸ்ட் கூடவே கூடாது. சில மாதத்தில் கம்பியை அரித்துவிடும்.

ஈயம் ஏறிய இழைகள் கம்பிபோல விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும். அதனால் அந்த இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடை வரை ஒயரைக் காயிலோடு வார்னிஷ் நூலால் இறுக்கிக் கட்டி, எபாக்சிக்குள் புதைக்க வேண்டும். 120 டிகிரிக்கு மேல் தாங்கும், மெதுவாக இறுகும் இரட்டைக் கலவை எபாக்சி வாங்குங்கள். ஐந்து நிமிட வகை சூட்டில் இளகும். புளிப்பு வாடை வரும் சிலிக்கான் கேஸ்கெட் பசை செம்பை அரிக்கும். எபாக்சி மேடு செயின் பக்கமோ ரோட்டர் பக்கமோ துருத்தக் கூடாது.

மாட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் 0.2 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். இரும்பு ஃபீலர் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். பித்தளை கேஜ் இல்லையென்றால் பழைய எக்ஸ்ரே பிலிமில் ஒரு துண்டு போதும், கனம் ஏறக்குறைய அதுதான். எஞ்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஆறு இடத்திலும் நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகினால் நட்டைத் தளர்த்தி நடுவாக்குங்கள். அப்படியும் வராவிட்டால் ஸ்டட் வளைந்திருக்கும். ஒயர் வெளியேறும் ரப்பரையும் புதிதாகப் போட்டுவிட்டு, லெவல் ஸ்குரூ வரை எண்ணெய் ஊற்றுங்கள்.

இனி 12 வோல்ட். ஸ்டேட்டரும் ரோட்டரும் அப்படியே இருக்கலாம். பழைய அமைப்பில் லைட் அணைந்திருக்கும்போது ஸ்விட்சே சில காயில்களை ஷார்ட் செய்து சார்ஜைக் குறைக்கும். நமக்கு இனி அது வேண்டாம்: மூன்று ஒயர்களையும் ஸ்விட்சிலிருந்து முழுக்கப் பிரித்துவிடுங்கள். பொது ஒயர், ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் ஒரு ஏசி முனைக்கு. மற்ற இரண்டையும் ஒன்றாக்கி அடுத்த ஏசி முனைக்கு. பொது ஒயரைத் தவறாகக் கணித்து வேறொன்றோடு சேர்த்தால் ஒரு தொகுதி நிரந்தரமாக ஷார்ட் ஆகும். வண்டி ஓடும், சார்ஜ் ஏறாது.

ரெகுலேட்டர் வாங்கும்போது சிங்கிள் ஃபேஸ், ஃபுல் வேவ், இரண்டு ஏசி முனையும் பாடியில் படாத வகை என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கூட்டர் ரெகுலேட்டர்கள் பல, காயிலின் ஒரு முனை பாடியில் இருக்கும் என்ற கணக்கில் செய்தவை. பழைய தகடு ரெக்டிஃபயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி, பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில் எல்லாம் 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். 6 வோல்ட் இக்னிஷன் காயிலை விட்டுவைத்தால் அதுவும் சுடும், பிளாட்டினமும் தீயும். கண்டன்சர் மாற்ற வேண்டியதில்லை. பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். பாசிட்டிவ் எர்த் என்றால் நெகட்டிவுக்கு மாற்றுவது நல்லது. காந்த ரோட்டருக்கு அதனால் ஒன்றுமில்லை. அம்மீட்டர் ஒயர்களையும் இக்னிஷன் காயிலின் சிறு முனைகளையும் இடம் மாற்றினால் போதும். பேட்டரி ஒயரில் 15 ஆம்பியர் ஃபியூஸ்.

ரெகுலேட்டரை மாட்டுமுன் ஸ்டேட்டரைத் தனியாகச் சோதியுங்கள். சுமையில்லாமல் அளந்தால் பாதி செத்த காயிலும் இருபது, முப்பது வோல்ட் காட்டும். 60/55 வாட் எச்-4 பல்பின் இரண்டு இழைகளையும் சேர்த்தால் சூடானபின் ஒரு ஓமுக்குச் சற்று மேலே வரும், அதைச் சுமையாக வையுங்கள். எஞ்ஜின் பேட்டரியில் ஓடும் என்பதால் அது முழு சார்ஜில் இருக்க வேண்டும். லூகாஸ் ஆர்எம்21 ஸ்டேட்டருக்கு ஒரு ஓம் சுமையில், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 9 வோல்ட் ஏசி என்பது குறைந்தபட்ச அளவு. உங்களுடையது அதற்கு முந்தைய வகை, அரை வோல்ட் குறைந்தாலும் கவலையில்லை. வெறும் நான்கு, ஐந்து வோல்ட் என்றால் மேலே சொன்ன 21 வாட் பல்பு அளவைத் திரும்பப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ரோட்டரின் காந்தம் வலுவிழந்திருக்கிறது.

எல்லாம் இணைத்தபின் அதே வேகத்தில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் டிசி வர வேண்டும். ஹெட்லைட் எரிய வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்வது இயல்பு. வேகம் எடுத்ததும் நடுவுக்கு வந்துவிட்டால் போதும்.