மாதவிடாய் வலிக்கு மாத்திரை போடலாமா? என் 16 வயது மகள் மாதாமாதம் முதல் நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள்.

போடலாம். "பொறுத்துக்கோ, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தாலேயே எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் நோயோடு இருந்திருக்கிறார்கள்.

கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. தசைக்குப் போகும் ரத்தம் குறைவதால்தான் வலி. சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது இதே பொருளால்தான். ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் இதன் உற்பத்தியையே குறைக்கின்றன. அதனால் வலி உச்சத்துக்குப் போனபின் விழுங்குவதைவிட, வலி தொடங்கியதுமே சாப்பிட்டுவிட்டுப் போடுவது நன்றாகக் கேட்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் போதும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அளவையும் அவரிடமே கேளுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்க வேண்டாம்.

அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, உண்மையிலேயே பலன் தரும். நடைப்பயிற்சியும் உதவும்.

மாத்திரைக்கும் அடங்காத வலி, மாதத்துக்கு மாதம் கூடும் வலி, மலம் கழிக்கும்போது வலி, ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம், அது குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு உண்டு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் அது இல்லை என்றாகிவிடாது.