கர்தினால் பெர்னார்ட் லா – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்த குருக்களை அமெரிக்காவின் பாஸ்டன் கர்தினால் பெர்னார்ட் லா தெரிந்தே பணியில் வைத்திருந்தார் என்ற உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு சங்கடமாக இருக்கிறது. நான் கத்தோலிக்கன், அப்பா உபதேசியாராக இருந்தவர். மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் பக்கம் நின்றவர் லா. அவருக்குக் கீழே இருந்த சில குருக்கள் செய்ததற்கு அவர் என்ன செய்வார்? அந்தக் குருக்களுக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்களே. அவரும் ஏமாந்தார் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மிசிசிப்பி பற்றி நீங்கள் சொல்வது உண்மை. 1961ல் குருவாகி, அங்கே மறைமாவட்டப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து நிறவெறிக்கு எதிராக எழுதினார், மிரட்டல்கள் வந்தும் நிறுத்தவில்லை. அப்புறம் மிசோரியில் ஆயராக இருந்தபோது, 1975ல் வியட்நாமிலிருந்து தப்பி வந்த துறவிகளுக்கு இடம் கொடுத்தார். பயந்த சுபாவம் உள்ளவர் இல்லை. அதனால்தான் பாஸ்டனில் அவர் செய்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஏமாந்தார் என்கிறீர்கள். அவர் பாஸ்டனுக்குப் பேராயராக வந்த அதே 1984ல், செப்டம்பரில், ஒரு பெண் அவருக்குக் கடிதம் எழுதினார். ஜான் கேகன் என்ற குருவானவரின் பாலியல் அத்துமீறலால் அந்தப் பெண்ணின் குடும்பத்தில் ஏழு பையன்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு வருடம் முன்பே முந்தைய கர்தினாலுக்கும் எழுதியிருந்தார், அதில் எங்கள் குடும்பம் திருச்சபையில் வேரூன்றியது, எங்கள் கண்ணீருக்கு நடுவிலும் குருத்துவத்தின் மாண்பைக் காப்பாற்றவே விரும்புகிறோம் என்று சொல்லியிருந்தார். அந்த வரியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது எழுதியிருந்தாலும் இப்படித்தானே எழுதியிருப்பார்கள்? விசாரித்து வருகிறோம், தகுந்த மேய்ப்புப்பணி முடிவு எடுக்கப்படும் என்று லா பதில் போட்டார். நவம்பரில் கேகன் வெஸ்டன் ஊரிலுள்ள புனித ஜூலியா பங்குக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் பொறுப்பில் விடப்பட்டவர்களில் பூசையில் உதவும் பீடச்சிறுவர்களும் உண்டு. டிசம்பரில் துணை ஆயர் ஜான் டார்சி, இந்த ஆளை அங்கே வைக்காதீர்கள் என்று கவலையோடு எழுதினார். ஒரு குடும்பம் சொல்லியாயிற்று, சொந்த ஆயரே சொல்லியாயிற்று, கேகன் அசையவில்லை.

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிசம்பரில் கேகன் பணிக்குத் திரும்பலாம் என்றவர்களில் ஒருவர் அவருக்கு நெடுநாள் பழக்கமான குடும்ப டாக்டர், மனநல மருத்துவர் அல்ல. 1989ல் மறுபடி புகார், மருத்துவ விடுப்பு, அதே வருடம் அதே பங்குக்குத் திரும்பி வந்தார். கடைசியில் 1996ல் கேகன் ஓய்வு பெறும்போது லா ஒரு கடிதம் அனுப்பினார்: உங்களுடையது பயனுள்ள ஊழிய வாழ்வு, நோயால்தான் துரதிர்ஷ்டவசமாகக் குன்றிப்போனது, நன்றி என்று. பன்னிரண்டு வருடப் புகார்கள் கோப்பில் இருக்கும்போது எழுதிய நன்றி சார் இது. இதை எழுதியவரை ஏமாந்தவர் என்று நான் எப்படிச் சொல்வது?

கேகன் ஒருவர் மீது மட்டும் புகார் சொன்னவர்கள் 130 பேருக்கு மேல். பாஸ்டன் குளோப் பத்திரிகை 2002 ஜனவரியில் இதை வெளிக்கொண்டுவந்ததும், நீதிமன்றம் திறக்கச் சொன்ன கோப்புகளிலிருந்து மற்ற குருக்களின் கதைகளும் வந்துகொண்டே இருந்தன. மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரலின் 2003 அறிக்கை 789 பேர் புகார் கொடுத்ததாகச் சொல்கிறது. லாவுக்குக் கீழிருந்த குருக்களிலேயே 58 பேர் கையெழுத்துப் போட்டு விலகச் சொன்ன பிறகுதான், 2002 டிசம்பரில் லா விலகினார். சரி, அதோடு ஒரு மடத்தில் போய் அமைதியாக இருந்தாரா? 2004ல் ரோமில் புனித மரியா மேஜர் பெருங்கோயிலுக்குத் தலைமைக் குருவாக நியமிக்கப்பட்டார். அடுத்த வருடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலுக்கான துக்கத் திருப்பலிகளில் ஒன்றை அவரே நிறைவேற்றினார், பாதிக்கப்பட்டவர்கள் ரோமுக்கே போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2017ல் இறந்தபோது அடக்கத் திருப்பலி நடந்தது புனித பேதுரு பெருங்கோயிலில்.

உங்கள் அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். ஊரில் ஒரு தாய் அழுதுகொண்டு வந்தால் முதலில் உபதேசியார் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பார். அவர் அந்தத் தாயை உட்காரவைத்துக் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அந்தத் தாய் பக்கம், லா பக்கம் அல்ல.

மிசிசிப்பி பகுதியை நான் விட்டது பிழைதான், கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன். மற்றதில் ஒரு வரியும் மாற்ற மாட்டேன்.

அன்புடன்.