வாசல் எங்கே என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நாங்கள் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். மார்ச் மாதம் பள்ளி விடுமுறையில் எல்லோருமாக டிஸ்னிலேண்ட் போகலாம் என்று திட்டம். ஞாயிறு போய்ச் சேர்ந்து, திங்கள், செவ்வாய் பார்க்கில் இருந்துவிட்டுப் புதன் திரும்புகிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு இரண்டரை. மாமியாருக்கு முழங்கால் வலி. சுத்தம் விஷயத்தில் மிகவும் கறாரானவர். காலையில் சீக்கிரம் உள்ளே போக வசதியாக, நடந்து போகும் தூரத்தில் ஹோட்டல் தேடுகிறேன். இரவுக்கு 200 டாலருக்குள் முடிக்க ஆசை. எந்த ஹோட்டலைப் பார்த்தாலும் 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நடந்து போகும் தூரம் என்று நீங்கள் முடிவு செய்தது சரி. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் அதன் முழுப் பலன் காலையில் தெரியாது, மத்தியானம்தான் தெரியும். காலையில் எல்லோருக்கும் தெம்பு இருக்கும். எங்கிருந்து வந்தாலும் வந்துவிடலாம். பகல் ஒரு மணிக்கு உங்கள் மகன் தூக்கத்துக்கு அழுவான், மாமியாருக்குக் கால் வீங்கும், வெயிலும் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் பத்து நிமிடத்தில் அறைக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, நாலரைக்குத் திரும்பிப் போக முடிந்தால், இரவு நிகழ்ச்சிகள்வரை யாரும் சோர மாட்டார்கள். அதே நாளில் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போக டிஸ்னிலேண்டில் அனுமதி உண்டு. காரில் வந்தவர்களுக்கு இது பெரும்பாடு. பார்க்கிங் கட்டடத்துக்கு டிராமில் போய், காரை எடுத்து, ஊருக்குள் ஓட்டி, மறுபடி வந்து நிறுத்துவதற்குள் பையனின் தூக்க நேரமே முடிந்துவிடும்.

இப்படி மத்தியானம் அறைக்குத் திரும்புவது உங்கள் திட்டத்தில் இல்லையென்றால் கிட்டத்தில் தங்க அதிகப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. உங்கள் குடும்பத்துக்கு அது அவசியம் என்பது என் எண்ணம்.

டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம் ஊரில் இப்படிச் சாதாரண ஹோட்டல்கள் பார்க்கின் வாசலுக்கு எதிரிலேயே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது வால்ட் டிஸ்னியிடம் ஆரஞ்சுத் தோப்பாக இருந்த 160 ஏக்கர் நிலம்தான் இருந்தது. சுற்றியுள்ள நிலத்தை வாங்க அவரிடம் பணம் இல்லை. அங்கே மற்றவர்கள் வரிசையாக மோட்டல்களைக் கட்டினார்கள். அந்த வருத்தத்தில்தான் பின்னாளில் ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம், 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார். அதனால் ஆர்லாண்டோவுக்குப் போய்வந்த நண்பர்கள் சொல்லும் யோசனைகள் இங்கே பொருந்தாது. அங்கே பார்க்குக்கு நடந்து போக வேண்டுமென்றால் பெரும்பாலும் டிஸ்னியின் வளாகத்துக்குள் இருக்கும் விலையுயர்ந்த ஹோட்டல்தான். அனஹைமிலோ, டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களைவிட மிகக் குறைந்த வாடகையில் அவற்றுக்குச் சமமான கிட்டத்தில் தங்கலாம்.

இனி 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' விஷயம். ஹோட்டல்காரர்களும் முன்பதிவுத் தளங்களும் போடுகிற தூரம் பல நேரம் பார்க்கின் நடுப்புள்ளிவரை நேர்கோட்டில் அளந்த தூரம். நீங்கள் நேர்கோட்டில் நடக்கப் போவதில்லை. டிஸ்னிலேண்டைச் சுற்றிலும் மண்மேடு எழுப்பியிருக்கிறார்கள்; அதன்மேல் பார்க்கின் ரயில் ஓடுகிறது. நடந்து நுழையும் வாசல் தெற்குப் பக்கம் மட்டும்தான். டிஸ்னிலேண்டுக்கும் எதிரே உள்ள, டிஸ்னியின் இன்னொரு பார்க்கான கலிஃபோர்னியா அட்வெஞ்சருக்கும் நடுவில் இருக்கிற திறந்த முற்றத்தை எஸ்பிளனேட் என்பார்கள். இரண்டு பார்க்குகளின் வாசல்களும் அங்கேதான் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. கோயில் மதிலை ஒட்டியே வீடு இருந்தாலும், வாசல் எதிர்ப்பக்கம் என்றால் மதிலைச் சுற்றித்தானே போக வேண்டும்? வடக்கே பால் ரோடு (Ball Road) பக்கம் இருக்கிற ஹோட்டல்களின் கதை அதுதான். வரைபடத்தில் பார்க்கின் முதுகை ஒட்டி இருப்பதுபோல் தெரியும். நடந்தால் ஒரு வழிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாது.

ஆகவே கூகுள் மேப்பில் 'டிஸ்னிலேண்ட்' என்று மட்டும் போட்டுத் தூரம் பார்க்காதீர்கள். எஸ்பிளனேடைக் குறித்துவைத்து, ஹோட்டலிலிருந்து அதுவரை 'நடை' வழியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் காட்டும் நிமிடங்களோடு, குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் இருக்கிறார்கள் என்பதற்காகப் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து என்று காட்டினால் உங்களுக்குப் பதினைந்து. அதற்கு மேல் போனால் மத்தியானம் அறைக்குத் திரும்பும் திட்டம் நடக்காது.

நீங்கள் தேட வேண்டிய இடம் பார்க்குக்குக் கிழக்கே உள்ள ஹார்பர் புலவார்ட். அதில் பார்க்குக்குள் நடந்து போகும் வழிக்கு நேர் எதிரில் சிக்னலோடு ஒரு கடவைப்பாதை இருக்கிறது. அதற்கு எதிரிலேயே பெஸ்ட் வெஸ்டர்ன் பிளஸ் பார்க் பிளேஸ் இன் என்ற ஹோட்டல் உள்ளது. சாலையைக் கடந்தால் பாதுகாப்புச் சோதனை, அதைத் தாண்டினால் எஸ்பிளனேட். அந்தக் கடவைப்பாதையிலிருந்து ஹார்பரில் வடக்கே கொஞ்சம் நடந்தால் ஹோவர்ட் ஜான்சன் ஹோட்டல். குழந்தைகளுக்கான நீர் விளையாட்டு இடம் உள்ளது. உங்கள் மகள் அதைப் பார்த்தால் பார்க்கையே மறந்துவிடுவாள். தெற்கே கட்டெல்லா அவென்யூ சந்திப்புவரை இன்னும் பல ஹோட்டல்கள் இருக்கின்றன. கடவைப்பாதைக்கு எதிரே இருப்பவை அந்த இடத்துக்காகவே வாடகை கூட்டி வாங்கும். நாலைந்து நிமிடம் தள்ளி, நல்ல பராமரிப்போடு இருக்கிற இடத்தைத்தான் நான் எடுப்பேன். கட்டெல்லாவில் மேற்கே திரும்பி கன்வென்ஷன் சென்டர் பக்கம் போனால் புதிய, பெரிய அறைகள் கிடைக்கும். ஆனால் உங்கள் மாமியாருக்கு அந்த நடை அதிகம்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்பரின் கிழக்குப் பக்கத்தில் பெரிய பார்க்கிங் கட்டடமும், சாலைக்கு மேலே நடைபாலமும் கட்டும் திட்டம் இருக்கிறது. நீங்கள் போகும் மாதத்தில் பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்று ஹோட்டலுக்கே போன் செய்து கேளுங்கள். மத்தியானம் தூங்கத்தானே அறைக்கு வருகிறீர்கள்.

அடுத்து பணம். இதில் நான் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும்: பள்ளி விடுமுறைக் காலத்தில், வாசலுக்குக் கிட்டத்தில், ஆறு பேருக்கு, எல்லாம் சேர்த்து 200 டாலர் என்பது கட்டுப்படியாகாது. திரையில் 150 என்று ஒரு அறையைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அனஹைமில் அறை வரி 15 சதவீதம், அதன்மேல் சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம் 2 சதவீதம்; ஆக 25.50 டாலர். ஹோட்டலில் கார் நிறுத்த 25 டாலர் என்று வைத்தால் 200 தாண்டிவிட்டது. அதுவும் ஒரே அறைக்கு. இரண்டு குயீன் கட்டில் போட்ட சாதாரண அறையில் பொதுவாக நாலு பேர்தான் தங்க அனுமதி. ஆறு பேரை நாலு என்று சொல்லிக்கொண்டு போகிற வேலை வேண்டாம். வயதானவர்களை வைத்துக்கொண்டு வரவேற்பறையில் நின்று பதில் சொல்லும்படி ஆகிவிடும்.

ஆகவே இரண்டு அறை, அல்லது ஆறு பேருக்கான குடும்ப அறை. நான் இரண்டு அறைதான் சொல்வேன். பெரியவர்களுக்குத் தனிக் குளியலறை கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. முன்பதிவு செய்யும்போது நடுவில் கதவு வைத்த 'கனெக்டிங்' அறைகள் என்று கேளுங்கள். 'பக்கத்துப் பக்கத்து அறை' என்று கேட்டால் அந்தக் கதவு கிடைக்காது.

இரண்டாவது அறைக்கான பணத்துக்கு எனக்குத் தோன்றுகிற வழி இது. மாமனார், மாமியார் இரண்டு நாளும் பார்க்குக்கு வர வேண்டுமா என்று அவர்களிடமே மனம்விட்டுக் கேளுங்கள். முழங்கால் வலியோடு இரண்டு நாள் பார்க்கில் அலைவது அவருக்கே பிடிக்காமல் இருக்கலாம். உங்கள் மனம் கோணக்கூடாது என்று சொல்லாமல் இருப்பார். ஒரு நாள் மட்டும் வந்தால் இரண்டு பேருக்கும் டிக்கெட்டில் மிச்சமாகும் தொகை, இரண்டாவது அறையின் வாடகையில் கணிசமான பங்கை அடைத்துவிடும். மற்ற நாளில் அவர்கள் நிதானமாக எழுந்து, ஹோட்டல் நீச்சல்குளத்தோரம் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பேரனைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அந்த நாளில் அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். மகனுக்கு மூன்று வயது ஆகும்வரை டிக்கெட் கிடையாது என்பதால் அவனை அழைத்துப் போவதில் கூடுதல் செலவும் இல்லை.

ஞாயிறு இரவு மட்டும் தள்ளி ஒரு மலிவான இடத்தில் தங்கிவிட்டு, திங்கள் காலை கிட்டத்து ஹோட்டலுக்கு மாறலாமே என்று தோன்றும். மாறாதீர்கள். அறையைப் பகல் மூன்று மணிக்கோ நாலு மணிக்கோதான் கொடுப்பார்கள். உங்கள் மகன் ஒரு மணிக்குத் தூங்க வேண்டும்.

தேதியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பார்க்கை ஒட்டியே அனஹைம் கன்வென்ஷன் சென்டர் இருக்கிறது. மார்ச் தொடக்கத்தில் அங்கே இயற்கை உணவுப் பொருள்களுக்கான பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் சாதாரண மோட்டல்கூட விலை எகிறும். கன்வென்ஷன் சென்டரின் நிகழ்ச்சி நாட்காட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விடுமுறையில் எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள். இப்போதே, ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தில் பதிவு செய்துவிட்டு, அவ்வப்போது விலை பாருங்கள். குறைந்தால் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம்.

சுத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் மிக முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நட்சத்திர எண்ணிக்கை சுத்தத்துக்கு அளவுகோல் இல்லை. நீச்சல்குளம், லிஃப்ட் போன்ற வசதிகளுக்கும் சேர்த்துத்தான் அது. விமர்சனங்களில் சராசரி மதிப்பெண்ணையும் விடுங்கள். புதியவை முதலில் வரும்படி வைத்து, கடைசி மூன்று மாதத்தில் வந்த மோசமான விமர்சனங்களை மட்டும் படியுங்கள். 'அறை சின்னது', 'காலை உணவு சுமார்', 'லிஃப்ட் இல்லை' என்று திட்டியிருந்தால் கவலை இல்லை. 'ஈர வாடை', 'சிகரெட் நாற்றம்', 'படுக்கை விரிப்பில் முடி', 'மூட்டைப்பூச்சி' என்ற சொற்கள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து இரண்டாவது முறை வந்தாலே அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள். தங்கியவர்கள் போட்ட படங்களில் குளியல்தொட்டியின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே கறுப்புப் பூசணம் தெரிந்தால் மற்ற இடமும் அப்படித்தான் இருக்கும். தரையில் கம்பளம் இல்லாமல் மரப்பலகை மாதிரித் தளம் போட்ட அறையாக இருந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது. உங்கள் மகன் தரையில்தான் விளையாடுவான், மாமியாரும் வெறுங்காலோடுதான் நடப்பார்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் குளியலறைத் தொட்டிக்குள் வையுங்கள். கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, விரிப்பைத் தலைமாட்டு மூலையில் உருவி, மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். பேனா முனையால் குத்திய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் பாருங்கள். இருந்தால் படம் எடுத்துக்கொண்டு உடனே கீழே போய், வேறு அறை கேளுங்கள். ஒட்டிய அறையோ மேல், கீழ் அறையோ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஈர வாடை வந்தால் இரவு முழுக்க வரும்.

ஹார்பரில் இருக்கிற பழைய மோட்டல்களில் அறைக்கதவு நேராக வெளி வராந்தாவில் திறக்கும். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த தரைத்தள அறையில் இரவு வெளிச்சமும் சத்தமும் இருக்கும். லிஃப்ட் இருந்தால் மேல்தளத்தில், சாலைக்குப் பின்பக்க அறை கேளுங்கள். லிஃப்ட் இல்லாத இடம் என்றால் மாமியாருக்காகத் தரைத்தளம்தான், அதிலும் பின்பக்கமாக. இப்படிக் கேட்டு வாங்க ஹோட்டலிலேயே நேரடியாகப் பதிவு செய்வது நல்லது.

முழங்காலுக்கு ஒரு ஏற்பாடு. பார்க்கின் வாசலில் வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அதை ஹோட்டலுக்குக் கொண்டுவர முடியாது. நடைதூரம் முழுக்க அவர் நடந்தே தீர வேண்டும் என்றாகிவிடும். எனவே அனஹைமில் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் வாடகைக் கடையில் எடுங்கள், அல்லது ஃபீனிக்ஸிலிருந்தே மடக்கு வீல்சேர் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு வாருங்கள். குழந்தையை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலருக்கும் இதுவே. அது 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். இழுத்துப்போகிற வேகன் வண்டிக்கும் அனுமதி இல்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை அறையில் ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல், சூடு பண்ணத் தேவையில்லாத சாப்பாட்டை உங்களுக்காகப் பார்க்குக்குள் எடுத்துப் போகலாம். எலுமிச்சை சாதம், சப்பாத்திச் சுருள் எல்லாம் தாராளமாக. தயிர் சாதம் அறை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், மத்தியானம் வந்து சாப்பிடுங்கள். இலவசக் காலை உணவு என்றால் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேளுங்கள். பார்க் எட்டு மணிக்குத் திறக்கிற நாளில் ஏழரைக்குத் தொடங்குகிற காலை உணவால் உங்களுக்குப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்ததும் முடிந்தால் ஆர்டீசியா ஊரின் பயனியர் புலவார்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அனஹைமிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கும் தெரு அது. தயிரும் சப்பாத்தியும் அங்கேயே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் இரண்டு நாளைக்கும் ஆயிற்று.