ஹெர்பிஸ் லேபுக்கு வரும் தம்பிக்கு: குழாய் மூடியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

மதுரையில் பிஎச்டி முடித்த தம்பி ஒருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளராக, சேரப்போகிறாராம். வாயோரம் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ், ஹெச்எஸ்வி-1, செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் அந்த லேபின் வேலை. வாடகை எவ்வளவு ஆகும், குளிர் தாங்குமா, என்ன கொண்டு வரலாம், முதல் ஆறு மாதம் எதில் கவனம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

வாடகையும் குளிரும் ஊருக்கு ஊர் மாறும். அதற்கு அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸப் குழு இருக்கும். கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

சேர்ந்த வாரமே யாராவது மைனஸ் 80 ஃப்ரீசரிலிருந்து ஒரு வைரஸ் குழாயை எடுத்து நீட்டுவார்கள். மூடியில் மில்லிக்கு எத்தனை வைரஸ் என்று மார்க்கரால் ஒரு எண் இருக்கும். அது எத்தனை முறை உருகி மறுபடி உறைந்தது என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு உருகலுக்கும் தொற்றும் வைரஸ் குறையும். செல்லுக்கு 5 வைரஸ் போட்டதாக நினைத்து அரை வைரஸ் போட்டிருப்பீர்கள். முதல் வேலை, நீங்களே பிளாக் அஸ்ஸே போட்டு எண்ணுவது. பிளாக் என்பது செல் விரிப்பில் வைரஸ் கொன்ற இடத்தில் தெரியும் ஓட்டை.

ஆறு குழித் தட்டில் குழிக்குச் சுமார் 8 லட்சம் வீரோ செல் (குரங்குச் சிறுநீரகச் செல்) போட்டால் மறுநாள் தரை தெரியாமல் நெருங்கியிருக்கும். 900 மைக்ரோலிட்டர் மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) 100 மைக்ரோலிட்டர் வைரஸ், இப்படிப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து ஆறு படி. படிக்குப் படி பிப்பெட் டிப் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் டிப்பின் உட்சுவரில் ஒட்டிய வைரஸ் அடுத்த குழாய்க்குப் போய் எண்ணிக்கையை ஊதிக் காட்டும். குழிக்கு 200 மைக்ரோலிட்டர் விட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். ஆட்டாவிட்டால் குழியின் நடுப்பகுதி காய்ந்து செல் செத்துவிடும். அந்த ஓட்டையைப் பிளாக் என்று எண்ணுபவர்கள் உண்டு. பிறகு 1.5 சதவீத மெத்தில்செல்லுலோஸ். கஞ்சி மாதிரி கெட்டியாக இருப்பதால் புதிதாக வரும் வைரஸ் பக்கத்துச் செல்லுக்கு மட்டும்தான் போகும். மூன்று நாள் இன்குபேட்டரில் அசைக்காமல் வையுங்கள். அசைத்தால் பிளாக்குக்கு வால் முளைக்கும். கடைசியில் கிரிஸ்டல் வயலட் சாயம், செல் ஊதாவாகும், பிளாக் வெளுப்பாகத் தெரியும். பத்து லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்த குழியில் 45 பிளாக் இருந்தால், மில்லிக்கு 22.5 கோடி. மூடியில் இருந்த எண்ணையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

அடுத்தது நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடம். வைரஸ் செல்மேல் ஒட்டுவது வேறு, உள்ளே போவது வேறு. செல்லின் மேலிருக்கும் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் வைரஸின் ஜிபி, ஜிசி புரதங்கள் ஒட்டும். ஜிடி என்ற வைரஸ் புரதம் செல்லிலுள்ள தன் ஏற்பியைப் (ரிசப்டர்) பிடித்து, ஜிஹெச்-ஜிஎல் புரத ஜோடி இயங்கி, ஜிபி சவ்வுகளை இணைத்தால்தான் நுழைவு. 4 டிகிரியில் ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, 37 டிகிரிக்கு மாற்றி, குறித்த நிமிடத்தில் பிஹெச் 3 சிட்ரேட் அமிலக் கரைசலால் ஒரே ஒரு நிமிடம் கழுவுங்கள். வெளியே நிற்பது செத்துவிடும், உள்ளே போனது பிழைக்கும். மூன்று நிமிடம் விட்டால் செல்லே கழன்று வந்துவிடும். மாற்றாமல் 4 டிகிரியிலேயே கழுவிய ஒரு குழி கட்டாயம் வேண்டும், அதில் பிளாக் வரக்கூடாது. அந்தக் குழி இல்லாமல் 'நுழைவைத் தடுக்கிறது' என்று பேப்பர் எழுதினால் ரிவ்யூவர் அங்கேதான் கை வைப்பார்.

இன்னொரு கன்ட்ரோல் சிஹெச்ஓ-கே1 செல், ஹாம்ஸ்டர் என்ற எலிவகையின் சூலகத்திலிருந்து வந்தது. அதில் வைரஸ் ஒட்டும், உள்ளே போகாது, ஜிடிக்கு ஏற்பி இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்ரிஷியா ஸ்பியர் குழு இந்த 'உதவாத' செல்லுக்குள் மனித மரபணுக்களைப் போட்டுத்தான் 1996-ல் ஹெச்விஇஎம் ஏற்பியைப் பிடித்தது. 1998-ல் நெக்டின்-1 என்ற இன்னொரு ஏற்பி வந்தது. வைரஸ் நுழையாத செல்லை வைத்தே துறையின் பாதி நகர்ந்தது. இன்று வருபவர்கள் கிட்டைப் பிரித்து ஊற்றிவிட்டு கன்ட்ரோல் எதற்கு என்கிறார்கள்!

செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கு மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை. 0.22 மைக்ரான் ஃபில்டரையும் தாண்டிவிடும், மீடியம் கலங்காது, எல்லா ரிசல்ட்டும் கோணலாகும். இரவல் செல் வாங்கினால் சோதனை முடியும்வரை தனி இன்குபேட்டர். மீடியம் பாட்டிலையும் யாரோடும் பங்கு போடாதீர்கள். கஞ்சன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

விசா விஷயத்தில் நம்ம ஆட்கள் கூடிக்கூடித் தப்பாகச் சொல்வார்கள். ஜே-1 (பரிமாற்ற ஆய்வாளர் விசா) என்றால், இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கு உண்டா என்று பல்கலைக்கழகம் தரும் டிஎஸ்-2019 தாளிலும் விசா ஸ்டிக்கரிலும் பாருங்கள். உண்டென்றால் விலக்கு கேட்க அவசரப்படாதீர்கள். விலக்குக்குப் பரிந்துரை வந்தபின் ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனமான என்ஐஹெச் போஸ்ட்டாக்குகளுக்குத் தரும் எஃப்32 நிதி விசாக்காரர்களுக்குக் கிடையாது. சொந்த லேப் தொடங்க உதவும் என்ஐஹெச்சின் கே99 நிதிக்குக் குடியுரிமை தேவையில்லை, ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அதனால் ராத்திரி பன்னிரண்டு வரை லேபில் உட்கார்ந்திருப்பதைப் பெருமையாகப் பேசுபவர்களோடு சேர்ந்து அந்த வருடங்களைத் தொலைக்காதீர்கள்.

கொண்டு வருவதா? மிக்ஸி வேண்டாம், இங்கே 120 வோல்ட், சரியாக ஓடாது. 3 லிட்டர் குக்கர் ஒன்று போதும். கேஸ்கட் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கி வாருங்கள்.