கஷ்டம் வரும்போது கடவுளிடம் அடைக்கலம் புகுந்தால் உண்மையில் நிம்மதி கிடைக்குமா? வேண்டியும் எதுவும் நடக்கவில்லை என்றால் பிறகு எதற்குக் கோயில்?

கேள்வியின் இரண்டாவது வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 2020இல் இதையே நானும் கேட்டேன், அதுவும் பால்குடம் சுமந்த தலைவலி தீரும் முன்பே.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். முன்பு சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது செம்பனை. கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையலுக்கு உதவியாள். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். 2019 கடைசியில் கால் வீங்கியது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே முருகனிடம் பேரம் பேசத் தொடங்கினேன். நேர்த்திக்கடன் என்ற நல்ல சொல்லை நான் செய்ததற்குக் கொடுக்க மனம் வரவில்லை. டயாலிசிஸ் தேவையில்லை என்று டாக்டர் வாயால் வரவேண்டும், வந்தால் பால்குடம் எடுப்பேன். அதுகூட இல்லை, முதலில் எடுத்துவிடுகிறேன், நீ பிறகு கொடு என்று முன்பணம் கட்டினேன்.

2020 தைப்பூசம் பிப்ரவரி 8ஆம் தேதி வந்தது. ஈப்போ புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயில் வரை வெறுங்காலில் நடந்தேன். தார் ரோட்டின் சூடு இன்னும் பாதத்தில் இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் டாக்டர் டயாலிசிஸ் தொடங்கத் தேதி குறித்துக் கொடுத்தார்.

அன்று மாலை சாமி மேடையில் விளக்கு ஏற்றவில்லை. மறுநாளும் இல்லை. முருகன் படத்தைக் கழற்றி வைக்கும் துணிச்சல் இல்லாததால், பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரைக் கடப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்வந்தேன்.

என் மாமியார் 1948இல் பிறந்தவர். இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட வருடம் அது. தன் வயதைக் கேட்டால் இன்றும் அந்தக் கதையைத்தான் சொல்வார். சிறு வயதிலேயே உளி பிடித்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். எனக்கு அவர் புத்தி சொல்லவில்லை. மூன்றாம் நாள், "வியாழக்கிழமை கோயில் விளக்கு துலக்க ஆள் பற்றவில்லை, நீயும் வா" என்றார்.

"எனக்குச் சாமி கும்பிட மனசில்லை, அத்தை."

"கும்பிடச் சொன்னேனா? துலக்கத்தானே கூப்பிட்டேன்."

அந்தக் கோயில் அம்மனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் ஒரு தோட்டத்து மாரியம்மன். லயத்து மக்கள், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள், சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கிக் கட்டிய கோயில். நான் மருமகளாக வந்த இரண்டாம் வருடம் தோட்டம் கைமாறியது. லயத்தை இடித்தார்கள், கோயிலும் போயிற்று. அம்மனின் சக்தியைக் கலசத்தில் இறக்கிய பிறகு, சிலைக்குப் பழைய சேலைகளைச் சுற்றி லாரியில் ஏற்றினோம். எங்கள் அலமாரியும் தையல் இயந்திரமும் அதே லாரியில்தான் வந்தன. அத்தை மடியில் கலசத்தை வைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டவுனில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்த வருடங்களில் அவளும் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள். மழை பெய்தால் எங்கள் வீட்டிலும் ஒழுகும், அங்கேயும் ஒழுகும். பத்துமலையில் 42.7 மீட்டர் முருகனை அண்ணாந்து பார்க்கும்போது கை தானாகக் குவியும். ஆனால் இந்த அம்மனிடம் எனக்கு வேறு உரிமை. வீடு போன கதையை அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளக்கு துலக்கப் போனேன். புளியும் எலுமிச்சைத் தோலும் சாம்பலும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய குத்துவிளக்கின் இடுக்குகளைத் தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. கூட இருந்த பெண்கள் யாரும் என்னவென்று கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள். மனதுக்குள் அம்மனைத் திட்டினேன். முருகன் மேல் இருந்த கோபமும் அவள் தலையில்தான் விழுந்தது. பிள்ளை செய்ததற்குத் தாயிடம்தானே போய்க் கேட்க முடியும்.

அப்போதுதான் அப்பர் கதை வேறு மாதிரிப் புரிந்தது. பள்ளி நாளில் திருமுறை ஓதும் விழாவுக்காக அவருடைய பதிகத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். பரிசு வாங்கத்தான், பொருள் தெரிந்து அல்ல. சூலை நோய் தாங்காமல் சமண மடத்தை விட்டு இரவோடு இரவாக அக்காள் திலகவதியாரிடம் ஓடிவந்தவர் அவர். அக்காள் திருநீறு கொடுத்து விடிவதற்குள் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே அவர் பாடிய முதல் பாட்டு முறையான துதியே இல்லை. குடலைப் பிடித்து முறுக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை, நீ விலக்கவில்லையே என்ற முறையீடு. சைவம் அதைக் குறையாக நினைக்கவில்லை. தேவாரத்தில் சேர்த்து வைத்து, இன்றும் பிள்ளைகளைப் போட்டியில் ஓத வைக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். சாமியிடம் அவர் தனியாகப் போய்ச் சேரவில்லை, வாசல் வரை கூட்டிப்போக ஓர் அக்காள் இருந்தார். எனக்கு அத்தை.

அவருடைய சூலை அங்கேயே நீங்கியது என்பது பெரியபுராணம். என் வீட்டில் அப்படி ஒன்றும் நீங்கவில்லை.

மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளியை மூடினார்கள், என் வருமானம் நின்றது. கோயிலையும் மூடினார்கள். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். சிகிச்சைக்குப் போவோருக்கு விலக்கு உண்டு. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவருக்கு டயாலிசிஸ். போலீஸ் தடுப்பில் மருத்துவமனை அட்டையைக் காட்டி, பழைய சாகா காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காருக்குள்ளேயே காத்திருப்பேன். சாமான் வாங்கப் போகும் நாளில் திரும்பும் வழியில் கோயில் கேட் முன் நிறுத்துவேன். பெரிய பூட்டு. கம்பி வழியே தூரத்தில் பூசாரி ஏற்றிய ஒற்றை விளக்கு தெரியும். இரண்டு நிமிடம் நிற்பேன், கேட்பதற்கு ஒன்றுமே இருக்காது. வந்தேன் என்று சொல்வேன், வருகிறேன் என்று சொல்வேன், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு வீட்டுக்குள் நுழைவதற்கும் நிற்காமல் நுழைவதற்கும் வித்தியாசம் இருந்தது. நின்றுவிட்டு வந்த நாளில் அவரிடம் எரிந்து விழவில்லை. நீங்கள் கேட்ட நிம்மதி இதுவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது இதுதான்.

பணத்துக்கு வழியும் கோயில் பக்கமிருந்துதான் வந்தது. கோயில் பொருளாளர் தொலைபேசியில் அழைத்து, "சொக்சோவில் கேட்டீர்களா?" என்றார். சொக்சோ என்பது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அது வேலையிடத்து விபத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 60 வயதுக்கு முன் நோயால் வேலை செய்ய முடியாமல் போனாலும், போதிய சந்தா கட்டியிருந்தால், இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி பெற்றவர்களுக்கு டயாலிசிஸ் செலவுக்கும் உதவி உண்டு. சம்பளச் சீட்டில் மாதாமாதம் அந்தப் பிடித்தத்தைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. மருத்துவ அறிக்கை, படிவம், நகல், மறுபடி நகல் என்று இழுத்தாலும் கடைசியில் கிடைத்தது. அம்மன் கண் திறந்தாள் என்கிறார் அத்தை. வரிசையில் நின்று படிவம் கொடுத்தவள் நான். இதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

ஒன்றில் மட்டும் சண்டை போட்டேன். உறவினர் ஒருவர், டயாலிசிஸை நிறுத்திவிட்டுக் கயிறு கட்டும் ஒரு சாமியாரிடம் போகச் சொன்னார். வாசலிலேயே அனுப்பிவிட்டேன். அடைக்கலம் தேடுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும் கூட்டமும் உண்டு, கவனமாக இருங்கள்.

ஜூனில் கோயில்கள் கட்டுப்பாடுகளோடு திறக்கத் தொடங்கின. எங்கள் கேட் திறந்த அன்று அத்தை முதலில் கர்ப்பக்கிரகத்தைப் பார்க்கவில்லை, விளக்குகளைப் பார்த்தார். "களிம்பு பிடித்துக் கிடக்கிறது" என்று பூசாரியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போதும் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. லாரி ஓட்டுவதில்லை. முருகனிடம் பேசத் தொடங்கிவிட்டேன், பால்குடம் மட்டும் இன்னும் மறுபடி எடுக்கவில்லை. எடுத்தால் கணக்கு வைக்காமல் எடுக்க வேண்டும், அது இன்னும் வரவில்லை. இன்று வியாழக்கிழமை. புளி ஊறிக்கொண்டிருக்கிறது, அவரை டயாலிசிஸ் மையத்திலிருந்து கூட்டிவந்த பிறகு கோயிலுக்குப் போக வேண்டும்.